சென்னையில் தூண்டில்: நீரைப் பார்த்து ராடு வாங்குவதும், மீனைத் தேடிப் பிடிப்பதும்

முதலில் ராடு வாங்கிவிட்டு, அப்புறம் எங்கே போய்ப் போடலாம் என்று கேட்பதுதான் இங்கே பலரின் வழக்கம். கடையில் கண்ணைப் பறித்த பன்னிரண்டு அடி ராடும் பெரிய ரீலுமாக முட்டுக்காடு கரையில் போய் நிற்பார்கள். மீன் காலடியில், கல்லோரமாக ஓடிக்கொண்டிருக்கும். ஈயக்குண்டோ எண்பது மீட்டர் தள்ளி வெறும் சேற்றில் கிடக்கும். ஆகவே இங்கே வரிசை தலைகீழ்: நீர் முதலில், அதிலிருக்கும் மீன் அடுத்து, கருவி அதற்குப் பிறகுதான்.

எந்த நீர், என்ன மீன்

சென்னையைச் சுற்றி தூண்டில்காரருக்கு நான்கு வகை நீர் இருக்கிறது. முதலாவது முகத்துவாரமும் உப்பங்கழியும். தெற்கே கோவளம், முட்டுக்காடு, நகருக்குள் அடையாறு, கூவம், வடக்கே எண்ணூர், இன்னும் வடக்கே சுமார் 60 கிலோமீட்டரில் பழவேற்காடு. கொடுவா, செப்பிலி, மடவை, கெளுத்தி, காலா எல்லாம் இந்த நீரில்தான். இரண்டாவது திறந்த மணற்கரை: மெரினா, பெசன்ட் நகர், நீலாங்கரை, அதற்கும் தெற்கே. அங்கே கிழங்கான், கத்தாளை, சின்னப் பாறை மீன், கடல் கெளுத்தி.

மூன்றாவது கல்கரை. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் துறைமுகச் சுவர்கள் எழுந்த பிறகு, தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணல் தடைபட்டு மெரினா அகன்றது. ராயபுரம், திருவொற்றியூர் பக்கம் கரை அரித்துப்போனது. அரிப்பைத் தடுக்க அங்கே கொட்டிய கல்லும், கடலுக்குள் நீளும் கற்சுவர்களும் இப்போது களவா, செப்பிலி, ஓராவுக்கு வீடு. நான்காவது ஏரி, குளம்: ஜிலேபி, கெண்டை, விரால். பெரும்பாலான ஏரிகளில் மீன்பிடி உரிமை குத்தகைக்குப் போயிருக்கும். குத்தகைக்காரரைக் கேட்காமல் போட்டால் சண்டைதான். சேத்துப்பட்டு ஏரிப் பூங்காவில் தூண்டில் போடவே இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். வீசிப் பழகுவதற்கு அதைவிட வசதியான இடம் நகருக்குள் இல்லை. துறைமுக வளாகத்துக்குள் நுழைய வேண்டாம், அது பாதுகாப்புப் பகுதி.

ஒரு விஷயத்தை மழுப்பாமல் சொல்லிவிட வேண்டும். கூவத்திலும் அடையாற்றிலும் கலப்பது நகரத்தின் சாக்கடை. எண்ணூர்க் கழியில் அனல்மின் நிலையச் சாம்பல் பல காலமாகப் படிந்திருக்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கசிவும் சேர்ந்தது. இந்த மூன்று இடத்திலும் பிடித்தால் திருப்பி விடுங்கள். குழம்புக்கு மீன் வேண்டுமென்றால் கடலோரமோ பழவேற்காடோ போங்கள்.

பழவேற்காட்டுக்குப் போனால் இன்னொன்று. அங்கே யார், எந்த இடத்தில், எந்த நாளில் வலை போடுவது என்பதை மீனவக் கிராமங்கள் 'பாடு' என்று முறைவைத்துப் பகிர்ந்துகொள்கின்றன. நமக்குச் சும்மா கிடக்கும் தண்ணீராகத் தெரிவது வேறொருவரின் அன்றைய கூலி. "அண்ணே, இங்க தூண்டில் போடலாமா?" என்று ஒரு வார்த்தை கேட்டால், பெரும்பாலும் நல்ல இடத்தையே கைகாட்டிவிடுவார்கள்.

ராடும் ரீலும்

கழிக்கும் முகத்துவாரத்துக்கும் 8 அடி ராடு போதும். கைப்பிடிக்கு மேலே அச்சிட்டிருக்கும் எடை அளவைப் படியுங்கள்: 10–40 கிராம் என்று இருக்க வேண்டும். அந்த ராடு எவ்வளவு எடையைச் சரியாக வீசும் என்பதுதான் அந்த எண். 40 கிராம் ராடில் 100 கிராம் ஈயத்தைக் கட்டி முழு வேகத்தில் வீசினால் நடுவில் முறியும். முறிந்த பிறகு கடைக்காரரைத் திட்டிப் பயனில்லை. 5 கிராம் ரப்பர் மீனை, அதாவது ரப்பரில் செய்த போலி இரையைக் கட்டினால் ராடு வளையவே வளையாது, பத்து மீட்டர் தாண்டாது. மணற்கரைக்கு 11 அல்லது 12 அடி, 60–120 கிராம் தாங்குவது. அலை உடையும் இடத்துக்கு மேலே நரம்பை (தூண்டில் நூலை) தூக்கிப் பிடிக்கத்தான் அந்த நீளம், தூரத்துக்காக மட்டும் இல்லை. கல்கரைக்கு 9 அடி, கொஞ்சம் கடினமானது. இரண்டு துண்டாகக் கழற்றும் ராடாக இருந்தால் பஸ்ஸிலும் ஆட்டோவிலும் கொண்டுபோகலாம். குழாய்க்குள் குழாயாக மடங்கும் ராடு கைக்கு அடக்கம்தான். ஆனால் மூட்டில் மணல் புகுந்தால் நான்காவது வாரமே இறுகிக்கொள்ளும்.

ரீலில் கழிக்கு 3000 அல்லது 4000 அளவு, கரைக்கும் கல்லுக்கும் 5000 முதல் 6000. பெட்டியில் 13 பேரிங், 14 பேரிங் என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். மலிவான ரீலில் பேரிங் கூடக் கூட துருப்பிடிக்கும் இடம்தான் கூடுகிறது. கையில் வாங்கியதும் மூன்று சோதனை: கைப்பிடியை மெதுவாகச் சுற்றினால் உள்ளே மணல் அரைவது போல உணரக்கூடாது. சுற்றுவதை நிறுத்தியதும் கைப்பிடி பின்னால் ஆடக்கூடாது. மீன் பலமாக இழுத்தால் நரம்பை நழுவவிடும் பிரேக்குக்கு டிராக் என்று பெயர்; அதைப் பாதி இறுக்கி நரம்பைக் கையால் இழுத்தால், விட்டு விட்டு வெட்டாமல் ஒரே சீராக வர வேண்டும். மூன்றாவதுதான் முக்கியம். பெரிய மீன் போவது பெரும்பாலும் டிராக் ஒரு நொடி சிக்கிக்கொள்வதால்தான்.

பணத்தைப் பத்துப் பங்காக்கினால் நான்கு ரீலுக்கு, இரண்டரை ராடுக்கு, இரண்டு நரம்புக்கு. மிச்சம் முள், ஈயம், ஸ்விவல் (நரம்பு முறுக்கிக்கொள்ளாமல் சுழலும் இணைப்பு), ஒரு நல்ல மூக்குக் குறடு. குறடை மறந்துவிட்டு கெளுத்தி பிடித்தவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

நரம்பு

தங்கூசி எனப்படும் ஒற்றை இழை நைலான் நரம்பு மலிவு, கல்லில் உரசினாலும் கொஞ்சம் தாங்கும், சிக்கினால் பிரிக்கலாம். புதிதாகத் தொடங்குபவர் 0.35 மில்லிமீட்டர் தங்கூசியோடு ஒரு பருவம் ஓட்டலாம். பின்னல் நரம்பான பிரெய்டு மெல்லியது, நீளாது, தூரம் போகும், மீன் தொட்டால் விரலில் தெரியும். ஆனால் சிப்பி ஒட்டிய கல்லில் லேசாகப் பட்டாலே அறுந்துவிடும்.

பிரெய்டு வாங்கும்போது பவுண்டு எண்ணைப் பார்க்காதீர்கள், பருமனைப் பாருங்கள். மலிவு பிரெய்டில் 40 பவுண்டு என்று போட்டுவிட்டு, தடிமனான நரம்பைச் சுற்றித் தந்திருப்பார்கள். ஜப்பானிய அளவில் பிஇ 1 என்றால் சுமார் 0.165 மில்லிமீட்டர், பிஇ 2 என்றால் சுமார் 0.235. கழிக்கு பிஇ 1.5 முதல் 2 வரை சரி. அதன் முனையில் ஒரு மீட்டர் நீளத்துக்கு 40 பவுண்டு தங்கூசியை லீடராகக் கட்டுங்கள். கொடுவாவின் செவுள் மூடி கத்திபோல் இருக்கும். லீடர் இல்லாத பிரெய்டு அதில் பட்டால் அந்த நொடியே முடிந்தது.

ரீலில் சுற்றும்போது, முதலில் பத்து மீட்டர் தங்கூசியைச் சுற்றி அதன்மேல் பிரெய்டைச் சுற்றுங்கள். வெறும் உலோகத்தில் பிரெய்டு பிடிக்காது. மீன் இழுக்கும்போது மொத்தச் சுருளும் சறுக்கிச் சுழலும். டிராக் கெட்டுவிட்டது என்று நினைத்து ரீலைக் கழற்றுபவர்கள் நிறைய. ஈரத்துணியால் நரம்பைப் பிடித்து இறுக்கமாகச் சுற்ற வேண்டும். நரம்பு சுற்றும் ஸ்பூலின் விளிம்புக்கு 2 மில்லிமீட்டர் குறைவாக நிறுத்துங்கள்.

முடிச்சு, முள், ஈயம்

பிரெய்டையும் லீடரையும் இணைக்க இரட்டை யூனி முடிச்சு ஒன்றைக் கற்றால் போதும். இரண்டு முனைகளையும் 20 சென்டிமீட்டர் ஒன்றன்மேல் ஒன்று எதிரெதிராக வையுங்கள். பிரெய்டு முனையைத் திருப்பி ஒரு வளையம் போட்டு, அந்த வளையத்துக்குள்ளாக, இரண்டு நரம்பையும் சேர்த்து எட்டுச் சுற்று சுற்றி, முனையை இழுங்கள். மறுபக்கம் லீடர் முனையால் இதையே ஐந்து சுற்று. லீடர் தடிமன், எட்டு சுற்றினால் இறுகாது. இரண்டு முடிச்சையும் எச்சிலால் நனைத்து, முனைகளை விட்டுவிட்டு நீளப் பக்க நரம்புகள் இரண்டையும் எதிரெதிராக மெதுவாக இழுத்தால் முடிச்சுகள் வழுக்கி வந்து முட்டிக்கொள்ளும். நனைக்காமல் வெடுக்கென்று இழுத்தால் உரசல் சூட்டில் தங்கூசி வெள்ளையாகும். வெள்ளையான நரம்பு பலமிழந்த நரம்பு. வெட்டிவிட்டு மறுபடி கட்டுங்கள்.

முள்ளின் எண் குழப்பும். 12, 10, 8, 6 என்று எண் குறையக் குறைய முள் பெரிதாகும். 1க்குப் பிறகு 1/0, 2/0, 3/0 என்று எண் கூடக் கூடப் பெரிதாகும். கிழங்கானுக்கு 8, மடவைக்கும் ஜிலேபிக்கும் 10 அல்லது 12, கெளுத்தி, செப்பிலிக்கு 1/0, உயிர் இரையோடு கொடுவாவுக்கு 3/0. காசிமேடு பக்கத்து வலைக்கடைகளில் முள்ளும் ஈயமும் எடைக்கும் எண்ணிக்கைக்கும் மலிவாகக் கிடைக்கும். முள்ளின் கூர்நுனியை நகத்தில் லேசாக வைத்துச் சறுக்கிப் பாருங்கள். சறுக்கினால் மழுங்கல், குத்தி நின்றால் சரி.

கட்டும் முறைகளில் மூன்று போதும். கழிக்கு ஓடும் ஈயம்: துளையுள்ள 20–30 கிராம் ஈயத்தை நரம்பில் கோத்து, ஒரு மணி, பிறகு ஸ்விவல், அதன்கீழ் 50 சென்டிமீட்டர் லீடர், முள். மீன் இரையை எடுத்துக்கொண்டு நகரும்போது ஈயத்தின் கனம் அதற்குத் தெரியாது. மணற்கரைக்கு அடியில் 80 கிராம் ஈயம், அதற்கு மேலே 30 சென்டிமீட்டர் இடைவெளியில் இரண்டு கிளை, ஒவ்வொன்றும் ஒரு சாண் நீளம். உருண்டை ஈயம் அலையில் உருண்டு கரைக்கே வந்துவிடும். பிரமிடு வடிவம் மணலில் பதியும். மடவைக்குத் தக்கை: தக்கையின் நுனி மட்டும் வெளியே தெரிகிற அளவுக்கு ஈயமணி கடித்து, முள்ளில் பட்டாணி அளவு கோதுமை மாவு. மடவை இரையை விழுங்காது, உதட்டால் உறிஞ்சிப் பார்க்கும். தக்கை கனமாக இருந்தால் துப்பிவிட்டுப் போய்விடும்.

டிராக் எவ்வளவு

நரம்பு தாங்கும் எடையில் கால் பங்கு என்பது கணக்கு. 20 பவுண்டு என்றால் சுமார் 9 கிலோ, அதில் கால் பங்கு இரண்டேகால் கிலோ. தராசு வேண்டாம். இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டிலையும் கால் லிட்டர் பாட்டிலையும் ஒரு பையில் போட்டு, ரீலிலிருந்து வரும் நரம்பில் கட்டித் தூக்குங்கள். பை தரையை விட்டு எழும்பும் தருணத்தில் டிராக் மெல்ல நழுவத் தொடங்க வேண்டும். வீட்டிலேயே இதைச் செய்துவிட்டுக் கிளம்பினால், மீன் ஓடும்போது பதற்றத்தில் திருகைக் கண்டபடி திருக வேண்டியிருக்காது.

இரை

உயிர் இறாலுக்கு நிகரில்லை. முள்ளைக் கோக்கும் இடம்தான் விஷயம். இறாலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் தலைக்குள் ஒரு கருத்த திட்டு தெரியும். அதைக் குத்தினால் இறால் அப்போதே செத்துவிடும். தலைக் கொம்புக்குக் கீழே, அந்தத் திட்டுக்கு முன்னால், மேலோட்டை மட்டும் குறுக்கே துளைத்து வெளியே எடுங்கள். அரைமணி நேரம் துள்ளிக்கொண்டிருக்கும். நீரோட்டம் வேகமாக இருந்தால் வாலின் கடைசிக்கு முந்தைய கணுவில் குத்தலாம்.

கிடைக்காவிட்டால் கணவாய்த் துண்டு: விரல் அகலம், விரல் நீளம். சின்ன மீன்கள் கொறித்தாலும் முள்ளில் நிற்கும். மத்தித் துண்டின் எண்ணெய் வாசனைக்குக் கெளுத்தி ஓடி வரும், ஆனால் இரண்டு வீச்சில் உதிரும். தைக்கும் நூலால் நாலு சுற்று சுற்றிவிட்டால் தாங்கும். மணற்கரையில் இரையைக் காசு கொடுத்து வாங்கவே வேண்டாம். அலை வடியும்போது ஈர மணலில் வெடுக்கென்று பின்பக்கமாகப் புதையும் முட்டை வடிவ மணற்பூச்சியைப் பார்த்திருப்பீர்கள். கால் கட்டைவிரலால் கிளறி ஐந்தாறு எடுத்துக்கொள்ளுங்கள். அந்தக் கரையில் மீன் தினமும் தின்பது அதைத்தான்.

ரப்பர் மீன் போடுபவர்கள் 4 அங்குலம், 10 முதல் 14 கிராம் ஜிக் தலை (முள்ளோடு வார்த்த ஈயத் தலை) என்று தொடங்கலாம். கலங்கிய நீரில் அடர் நிறம், தெளிந்த நீரில் வெள்ளியும் பச்சையும். மலிவான கட்டை மீனை (கெட்டியான போலி இரை) வாங்கினால் அதன் மும்முள்ளைக் கழற்றி எறிந்துவிட்டு நல்லதை மாட்டுங்கள். கொடுவா ஒரு உலுக்கலில் அதை நிமிர்த்திவிடும்.

மீன் எங்கே நிற்கும்

முந்தின நாள் ராத்திரி சுவரில் தொங்கும் நாட்காட்டியைப் பாருங்கள். அமாவாசை, பௌர்ணமியும் அவற்றுக்கு அடுத்த இரண்டு மூன்று நாட்களும் நீர் ஏற்றமும் வற்றமும் பெரிது. அஷ்டமி, நவமியை ஒட்டி மந்தம். சென்னையில் பெரிய ஏற்றம் என்றாலும் ஒரு மீட்டரைச் சுற்றித்தான். குஜராத்தின் காம்பே வளைகுடா மாதிரி பத்து மீட்டர் இல்லை. இருக்கிற அந்த ஒரு மீட்டர்தான் குறுகலான முகத்துவாரத்தில் ஓட்டமாக மாறுகிறது. ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே ஏறக்குறைய ஆறேகால் மணி நேரம். இன்று ஆறு மணிக்கு ஏற்றம் உச்சம் என்றால் நாளை ஏறக்குறைய ஆறு ஐம்பதுக்கு. சரியான நேரத்துக்கு கடல் தகவல் தரும் மத்திய அரசின் இன்காய்ஸ் நிறுவனத்தின் முன்னறிவிப்பைப் பாருங்கள். உயர் அலை எச்சரிக்கையும் அதிலேயே வரும்.

ஏற்றத்தின் கடைசி இரண்டு மணியும், வற்றத்தின் முதல் இரண்டு மணியும் நல்ல நேரம். நீர் நின்றுவிட்டால் மீன் வாயையும் மூடிக்கொள்ளும். அந்த அரைமணியில் டீ குடிக்கலாம்.

இங்கே ஒரு சென்னைச் சிக்கல். கோடையில் அடையாறு, கோவளம் முகத்துவாரங்களை மணல் திட்டு அடைக்கத் தொடங்கும். வாய் மூடிவிட்டால் உள்ளே ஏற்றமும் இல்லை, வற்றமும் இல்லை; அட்டவணை வெறும் காகிதம். ஆகவே கழிக்குப் போகும் முன் முகத்துவாரத்தைப் போய்ப் பாருங்கள். திறந்திருந்தால் வற்றத்தில் நீர் கடலை நோக்கி ஓடுவது கண்ணுக்கே தெரியும். மூடியிருந்தால் கழிக்குள் ஆழமான குழிகளையும் பாலத்து நிழலையும் விடியலிலும் அந்தியிலும் மட்டும் தேடுங்கள். வடகிழக்குப் பருவமழையில் வாய் உடைத்துக்கொண்டதும் கதை மாறும். வெள்ளத்தின் முதல் நாட்கள் குப்பையும் சேறும்தான். நிறம் கொஞ்சம் தேறியதும் பழுப்பு நீரும் பச்சை நீரும் சந்திக்கும் கோடு ஒன்று கடலோரம் தெரியும். அந்தக் கோட்டின் பச்சைப் பக்க விளிம்பில் போடுங்கள்.

கடலோரத்தில் நீரோட்டத்துக்கு மீனவர் வைத்திருக்கும் பெயர்கள் வன்னி, தெண்டி. வடக்கிலிருந்து தெற்கே ஓடுவது வன்னி, தெற்கிலிருந்து வடக்கே ஓடுவது தெண்டி. "இன்னைக்கு வன்னியா, தெண்டியாண்ணே?" என்று கேட்டுவிட்டு, கற்சுவரில் எந்தப் பக்கம் நிற்பது என்று முடிவு செய்யலாம். ஓட்டம் வந்து மோதும் பக்கம் நுரையும் இரைமீனும் சேரும். பெரிய மீன் சுவரின் நுனியைத் தாண்டி, ஓட்டம் தணிந்த சுழிப்பில் காத்திருக்கும். நுனியில் நின்று கடலுக்குள் வீசுபவர்கள் மீனுக்கு மேலே வீசிக்கொண்டிருக்கிறார்கள். சுவருக்கு இணையாக, கல்லிலிருந்து இரண்டு மூன்று மீட்டர் தள்ளி வீசிப் பாருங்கள்.

மணற்கரையில் ஐந்து நிமிடம் ராடைத் தொடாமல் அலையைப் பாருங்கள். சில இடத்தில் அலை வெளியிலேயே உடைந்து வெள்ளையாக வரும். அடியில் மணல் திட்டு. இரண்டு வெள்ளைக்கு நடுவே உடையாமல், கொஞ்சம் கருத்துத் தெரியும் பட்டை ஒன்று இருக்கும். அது பள்ளம், மீன் நடமாடும் தெரு. அதன் ஓரத்தில் ஈயத்தை இறக்குங்கள். அதே பள்ளத்தில்தான் கரையிலிருந்து கடலுக்கு இழுக்கும் ஓட்டமும் இருக்கும். மெரினாவில் குளிக்கப் போனவர்களை இழுத்துப்போவதும் அந்த மாதிரி ஓட்டம்தான். முழங்காலுக்கு மேல் தண்ணீரில் இறங்க வேண்டாம்.

அடி எப்படி இருக்கிறது என்று தெரிய மீன் காட்டும் கருவி எதுவும் தேவையில்லை. முள் இல்லாமல் 30 கிராம் ஈயத்தை மட்டும் கட்டி வீசுங்கள். நீரில் விழுந்த கணத்திலிருந்து மனதுக்குள் எண்ணுங்கள். நரம்பு தொய்ந்ததும் நிறுத்துங்கள். விசிறிபோல இடமிருந்து வலமாக எட்டு, பத்து இடத்தில் இப்படி எண்ணினால், எங்கே நாலு, எங்கே ஏழு என்று ஆழத்தின் வரைபடம் கையில் கிடைத்துவிடும். பிறகு ஈயத்தை மெதுவாக இழுங்கள். மணல் என்றால் சரசரவென்று வழுக்கி வரும். சேறு என்றால் கனத்து, விட்டுவிட்டு வரும். சிப்பிப் படுகை என்றால் ராடின் நுனியில் டக் டக்கென்று தட்டும். நாலிலிருந்து ஏழுக்குச் சரியும் இடமும், மணல் முடிந்து சிப்பி தொடங்கும் இடமும்தான் உங்கள் இடம். ஒரு பெரிய மரத்தையோ கம்பத்தையோ அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை எண்ண வேண்டியதில்லை.

பாலத்தடியில் ராத்திரி தெருவிளக்கு வெளிச்சம் விழுந்தால், வெளிச்சமும் நிழலும் சந்திக்கும் கோட்டைத் தேடுங்கள். இறாலும் சின்ன மீனும் வெளிச்சத்தில் திரளும். கொடுவா நிழலில், ஓட்டத்தை எதிர்த்த முகத்தோடு நிற்கும். ஓட்டத்துக்கு மேலே வீசி, நிழலுக்குள் இரை தானாக மிதந்து வரும்படி விடுங்கள். பாலத்தின் மேலே நின்று வீச வேண்டாம்; பின்னால் வீச்செடுக்கும்போது முள் வண்டியில் போகிறவர் மேல் மாட்டும்.

பறவையைப் பாருங்கள். ஆலா வட்டமடித்துக்கொண்டிருந்தால் தேடுகிறது, பாய்ந்தால் கண்டுவிட்டது. மடவை ஒன்றிரண்டு சும்மா துள்ளுவதற்கு அர்த்தமில்லை. கூட்டமாக, விசிறி விரித்தது மாதிரி ஒரே திசையில் சிதறினால் பின்னால் வேட்டைக்காரன் இருக்கிறான். சிதறும் திசைக்கு எதிர்ப்பக்கம் வீசுங்கள். ஒரே இடத்தில் இருபது நிமிடம், மூன்று ஆழம், இரண்டு இரை. ஒன்றும் இல்லையென்றால் நகருங்கள். நாற்காலி போட்டு உட்காருவது ஓய்வு, தேடல் வேறு.

கடித்த பிறகு

கெளுத்தி தொடர்ந்து இழுக்கும். ராடைத் தூக்கினாலே மாட்டும். கிழங்கான் தட்டித் தட்டிப் பார்க்கும். மூன்றாவது தட்டில் மெல்ல இழுங்கள். உயிர் இரையைக் கொடுவா 'டப்' என்று உறிஞ்சும்; இரண்டு நொடி பொறுத்து, நரம்பு இறுகியதும் பக்கவாட்டில் ராடை இழுங்கள். அது தண்ணீருக்கு வெளியே எழும்பித் தலையை உலுக்கும். அப்போது ராடின் நுனியைத் தாழ்த்தி, நரம்பு தொய்யாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கரைக்கு வந்ததும் செவுளுக்குள் விரல் விட வேண்டாம். கீழுதட்டைக் குறடால் பிடியுங்கள்.

மிகப் பெரிய கொடுவாவைத் திருப்பி விடுவது நல்லது. இந்த மீன் ஆணாகத் தொடங்கி வளர்ந்த பிறகு பெண்ணாகும். பெரியவை பெரும்பாலும் முட்டையிடும் தாய்கள். முட்டுக்காட்டில் ஆய்வு நிலையம் வைத்திருக்கும் மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனம் 1997இல் கொடுவாவைக் குஞ்சு பொரிக்கவைத்தது. இயற்கையில் அந்த வேலையைச் செய்வது இந்தத் தாய்கள்தான்.

கெளுத்தியின் முதுகிலும் இரண்டு பக்கத்திலும் விஷமுள் உண்டு. குத்தினால் காயத்தைப் பொறுக்கக்கூடிய சூடான நீரில், 45 டிகிரிக்கு மிகாமல், அரைமணி முதல் ஒன்றரை மணி நேரம் வையுங்கள், வலி தணியும். முள் உடைந்து உள்ளே நின்றாலோ வீக்கம் ஏறினாலோ மருத்துவரிடம் போங்கள். திருக்கை இருக்கும் கழியில் காலைத் தூக்கி வைக்காமல், தரையில் தேய்த்து நடங்கள். பேத்தை மாட்டினால் விட்டுவிடுங்கள். ஊதிப் பெரிதாவது வேடிக்கைதான். உள்ளே இருக்கும் விஷம் சமைத்தாலும் போகாது. முள் இல்லாமல் நரம்பு மட்டும் பளிச்சென்று வெட்டுப்பட்டு வந்தால் அது பேத்தையின் பல், இடத்தை மாற்றுங்கள்.

கோளாறுகளில் அடிக்கடி வருவது பிரெய்டு காற்றில் சுருண்டு முடிச்சாவது. வீசி முடித்ததும் கைப்பிடியைச் சுற்றிக் கம்பி வளையத்தை மூடுவதுதான் காரணம்; அது தொய்ந்த நரம்பைச் சுற்றிவிடுகிறது. வளையத்தைக் கையால் மூடி, நரம்பை ஒருமுறை இழுத்து இறுக்கிவிட்டுச் சுற்றுங்கள். கற்களில் ஈயம் அடிக்கடி சிக்கினால், ஈயத்தை மட்டும் மெல்லிய தங்கூசியால் கட்டுங்கள். அறுந்தால் ஈயம் மட்டும் போகும். மதியத்துக்கு மேல் கடற்காற்று முகத்தில் அடிக்கத் தொடங்கினால் லேசான ரப்பர் மீனை மூட்டை கட்டிவிட்டு ஈயத்துக்கு மாறுங்கள். இடி கேட்டால் கார்பன் ராடை உடனே படுக்கவையுங்கள். எண்ணூர் பக்கம் மின்கம்பிகளுக்குக் கீழே நடக்கும்போதும் அதேதான்.

ஜனவரியிலிருந்து மார்ச் வரை கரையில் ஆமைகள் முட்டையிட வரும். ராத்திரி தூண்டில் போடுபவர்கள் வெள்ளை விளக்கைத் தவிர்த்து, சிவப்பு வடிகட்டி போட்ட டார்ச் வைத்துக்கொள்ளட்டும். ஆமை தெரிந்தால் வேறு இடம் போங்கள்.

பிடித்த மீனுக்குச் சென்னை வெயிலில் ஒரு கிலோவுக்கு ஒரு கிலோ ஐஸ் வேண்டும், தெர்மாகோல் பெட்டியில். ஐஸோடு கொஞ்சம் கடல்நீர் சேர்த்துக் கூழாக்கினால் மீனின் எல்லாப் பக்கமும் தொட்டுச் சீக்கிரம் குளிரும்.

வீட்டுக்கு வந்ததும் ரீலைக் கழுவுவது அன்றைய கடைசி வேலை. முதலில் டிராக்கை முழுவதும் இறுக்குங்கள், தண்ணீர் உள்ளே புகாமல் இருக்க. குழாயைப் பீய்ச்சாமல் மெல்லிய தூறலாக இரண்டு நிமிடம் காட்டி, உதறி, டிராக்கைத் தளர்த்தி நிழலில் வையுங்கள். திருவான்மியூர், நீலாங்கரை மாதிரி கடலோரப் பகுதியில் போர் தண்ணீரே உப்பாக இருக்கும். அதில் கழுவினால் உப்பை உப்பால் கழுவின மாதிரிதான். மெட்ரோ தண்ணீரோ, கேன் தண்ணீரில் நனைத்த துணியோ போதும். காய்ந்ததும் கைப்பிடி மூட்டிலும் நரம்பு ஓடும் உருளையிலும் ஒவ்வொரு சொட்டு எண்ணெய் விடுங்கள். டிராக்கைத் தளர்த்தியே வையுங்கள், அடுத்த முறை கிளம்பும் முன் தண்ணீர்ப் பாட்டிலை மாட்டி மறுபடி அளந்துகொள்ளலாம்.